நகரை நீங்கும் மக்கள்: பினாங்கு காட்டும் பாடம்

நாட்டுப்புறத்தார் பிழைப்பை நாடி நகரத்திற்குப் பெயர்வது யாவரும் அறிந்தது. நகரத்தார் வெளிப்புறத்திற்குப் பெயர்வதும் உண்டு. மக்கட் பெயர்ச்சியில் ஒவ்வொரு பெரிய ஓட்டத்திற்கும் ஓர் எதிரோட்டம் உண்டென 1885-ஆம் ஆண்டிலேயே ராவன்ஸ்டைன் என்னும் அறிஞர் எடுத்துரைத்தார். 1970-களில் அமெரிக்காவில் பெருநகர்ப் பகுதிகளைக் காட்டிலும் அவற்றிற்கு அப்பாலுள்ள வட்டாரங்களில் மக்கள்தொகை விரைந்து பெருகியது. அதன்பின் அறிஞருலகம் இதனைக் கூர்ந்து நோக்கலாயிற்று. நமக்கு விளங்கப் பினாங்குத் துறைமுகமே தக்க சான்றாகும்.

அச்சத்தால் பெயர்ந்தோர்

1941 டிசம்பர் 11-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜோர்ஜ்டவுன் மீது குண்டு வீசின. மக்கள் ஆயர் ஈத்தாம், பாலேக் புலாவ் முதலிய இடங்களுக்கு ஓடினர். பின்னர் அரிசிப் பஞ்சம் வரவே, மண்ணைக் கொத்தி மரவள்ளி நட்டுப் பசியாறினர். இத்தகைய பெயர்ச்சிக்குக் காரணம் அச்சமும் பசியுமே. அவை நீங்கினால் மக்கள் பழைய இடத்திற்கே திரும்புவர்.

வாடகையும் பாலமும்

பிற்காலத்துப் பெயர்ச்சி வேறு வகையானது. 1969-இல் தீவின் சுங்கவரி விலக்கு நீக்கப்பட்டது. சரக்குக் கப்பல்களும் நாளடைவில் எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்தை நாடின. துறைமுகத் தொழிலை நம்பியிருந்த குடும்பங்களுக்கு நகரத்தின் பிடி தளர்ந்தது. 1985-இல் முதற் பாலம் திறக்கப்பட்டதும், தீவில் வேலை பார்ப்பவர் நிலம் மலிவான செபராங் பிறையில் குடியிருக்க வழி பிறந்தது.

நகரின் உள்ளே மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. பழைய கடைவீடுகளின் வாடகையை உயரவிடாது காத்துவந்த 1966-ஆம் ஆண்டுச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் காப்பு முற்றும் அகன்றது. தலைமுறைகளாக அங்கிருந்த குடும்பங்களும் சிறு வணிகரும் உயர்ந்த வாடகையைத் தாங்க மாட்டாமல் வெளியேறினர். 2008-இல் ஜோர்ஜ்டவுன் உலக மரபுடைமை நகராயிற்று. பயணிகள் பெருகினர், குடியிருப்போர் குறைந்தனர்.

கேட்கத்தக்க வினாக்கள்

2020 கணக்கெடுப்பின்படி தீவில் ஏறக்குறைய 7 இலட்சத்து 94 ஆயிரம் பேரும், செபராங் பிறையில் ஏறக்குறைய 9 இலட்சத்து 46 ஆயிரம் பேரும் வாழ்ந்தனர். இதனைக் கண்டு, மக்கள் நகரை விடுத்து நாட்டுப்புறம் திரும்பிவிட்டனர் என்று முடிவு கட்டுதல் பிழையாகும். அக்கரையிலேயே பிறந்து வளர்ந்தோரும், பிற மாநிலத்திலிருந்து வந்தோரும் அத்தொகையில் அடங்குவர்.

ஆகவே பெயர்ந்தவரைப் பற்றி மூன்று வினாக்கள் கேட்டல் வேண்டும். தாமே விரும்பிச் சென்றனரா, தள்ளப்பட்டனரா? வீடு மட்டும் பெயர்ந்ததா, வேலையும் பெயர்ந்ததா? சென்ற இடம் நாட்டுப்புறமாகவே நிலைத்ததா? காலைதோறும் பாலத்தில் தீவை நோக்கி நெரியும் வண்டிகளே இரண்டாம் வினாவிற்கு விடை கூறும். மூன்றாவதற்கு விடை, செபராங் பிறை 2019-இல் மாநகரானது. மக்களின் பின்னே நகரமும் சென்றுவிட்டது!

தோட்டமும் தாமானும்

கரும்பும் ரப்பரும் செம்பனையும் விளைந்த செபராங் பிறை நிலம் நம் முன்னோர் உழைத்த நிலம். தோட்டத் துண்டாடல் காலத்தில் வேலையிழந்து பட்டணம் புகுந்தோர் பலர். தோட்டங்கள் தொழிற்பேட்டைகளும் தாமான்களுமாக மாறிவிட்ட இந்நாளில், அன்னாரின் பேரப்பிள்ளைகள் அதே மண்ணில் கடன்பட்டு வீடு வாங்கக் கூடும். பாட்டனுக்கு லயம் கூலியோடு கிடைத்தது. பேரனுக்கு வீடு மாதத் தவணையோடு கிடைக்கிறது.

பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளுள் பல இன்றும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. தோட்டப் பள்ளியொன்றின் பொறுப்பிலிருக்கும் எமக்கு இஃது ஏட்டுச் செய்தியன்று. லயம் கலைந்தால் பள்ளி வெறிச்சோடும். அருகே தாமான் எழுந்தால் நிரம்பவும் கூடும். ஆனால் புதிதாய்க் குடிவந்த பெற்றோர், தோட்டப் பெயரைக் கண்டு அப்பள்ளி தமக்குரியதன்று என எண்ணிவிடுதல் எளிது.

ஆசிரிய அன்பர்கள் ஒன்று செய்யலாம். ஆண்டுதோறும் மாணவர் பதிவேட்டைக் கொண்டு, பிள்ளை எங்கே வாழ்கிறது, குடும்பம் எங்கிருந்து வந்தது, பெற்றோர் எங்கே வேலை செய்கின்றனர் என மூன்று செய்திகளைக் குறித்து வைப்பின், ஐந்தாண்டுகளில் ஓட்டத்தின் திசை புலப்படும். தமிழ்க் குடும்பங்கள் செல்லுமிடத்திற்குத் தமிழ்ப்பள்ளியும் செல்ல வேண்டுமெனக் கேட்க, அந்தக் கணக்கே நமக்குத் துணையாகும்.