ஒளி பட்டால் வளையும் தகடு!

தகட்டை வளைக்க வேண்டும் என்றால் சுத்தியல் வேண்டும். அல்லது அழுத்தும் யந்திரம் வேண்டும். இரண்டும் இல்லாமல், கையால் தொடாமலே அலுமினியத் தகட்டை வளைக்கிறார்கள். வளைப்பது ஒளி!

லேசர் ஒளியை ஒரு கோடு போல, தகட்டின் மேல் வேகமாக ஓட விடுகிறார்கள். மேல்பக்கம் மட்டும் சூடேறுகிறது. அடிப்பக்கம் அவ்வளவாகச் சூடாவதில்லை. சூடான உலோகம் விரியப் பார்க்கும். சுற்றிலும் குளிர்ந்த உலோகம் இருப்பதால் விரிய இடம் இல்லை. தனக்குள்ளேயே நசுங்கி விடுகிறது. பிறகு, ஆறும்போது அந்த இடம் சுருங்குகிறது. உடனே தகடு, ஒளி வந்த பக்கமாக வளைகிறது. ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு டிகிரிதான் வளையும். இன்னும் வளைய வேண்டுமானால், மறுபடியும் ஒளியை ஓட விட வேண்டும்.

முரண்டு பிடிக்கும் உலோகம்

இரும்பு சுலபமாகப் பணிந்து விடும். அலுமினியம் அப்படி அல்ல. கார்பன்-டை-ஆக்சைடு லேசர் என்று ஒன்று உண்டு. அதை 1964-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்டுபிடித்தவர் குமார் பட்டேல். மராட்டிய மாநிலம் பாரமதியில் பிறந்தவர்! அந்த லேசர் ஒளி 100 பங்கு விழுந்தால், சுத்தமான அலுமினியம் 95 பங்குக்கு மேல் திருப்பி அனுப்பி விடும். அப்புறம் சூடு ஏது?

இங்கேதான் ஆக்சைடு கைகொடுக்கிறது. இரும்புக்குத் துரு போல, அலுமினியத்துக்கு ஆக்சைடு. ஆனால் துரு இரும்பைத் தின்னும். ஆக்சைடோ அலுமினியத்தைக் காக்கும். தானாகப் படியும் ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோல். அது போதாது. அமிலத் தொட்டியில் தகட்டை அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சினால் தோல் தடிக்கும். மில்லி மீட்டரில் 100-ல் ஒரு பங்கு தடித்தாலே, இந்த ஒளியை நன்றாகக் குடித்துச் சூட்டை உலோகத்துக்குக் கொடுத்து விடும்.

(மாணிக்கக் கல்லும் சிறிது குரோமியம் கலந்த அலுமினிய ஆக்சைடுதான். 1960-ல் மைமன் என்பவர் செய்த உலகின் முதல் லேசர், அந்தக் கல்லில்தான் பிறந்தது!)

தோல் வெடித்தால்?

ஆபத்தும் இருக்கிறது. சூட்டில் அலுமினியம் அதிகம் விரியும். ஆக்சைடு அவ்வளவு விரியாது. அதனால் தோல் நுண்ணிய கோடுகளாக வெடிக்கும். தகட்டைக் காத்து வந்த கவசம் போயிற்று!

தோல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால், வளைவும் கோணல்மாணலாகும். ஒளி மெதுவாக ஓடினால் இன்னொரு தொல்லை. அலுமினியம் 660 டிகிரியில் உருகி விடும். ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். மேலே தோல் அப்படியே நிற்க, உள்ளே உலோகம் உருகி விடக்கூடும்.

தோலைத் தடிக்க வைக்க விரும்பாதவர்கள் தகட்டின் மேல் கிராபைட் கரியைப் பூசுகிறார்கள். கரியும் ஒளியைக் குடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்து விடலாம்.