ஈயம் பூசிய விமானம்

“மிக்-21 ஓய்வு பெற்றுவிட்டதே, அதில் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா?” என்று திண்டுக்கல்லிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருக்கிறார். 1963இல் சண்டிகரில் நம் விமானப்படைக்குள் வந்த அந்தப் போர்விமானம், 2025 செப்டம்பர் 26 அன்று அதே ஊரில் விடைபெற்றது. தம்பி விளையாட்டாகக் கேட்கவில்லை. இறக்கையின் அகலம் 7.15 மீட்டர் என்று தெரிந்துகொண்டு, தாத்தாவின் களத்துமேட்டில் இடமும் பார்த்து வைத்திருக்கிறார்.

இதே ஆசையோடு வாழ்ந்து காட்டியவர் ஒருவர் பிரான்சில் உண்டு. பர்கண்டி வட்டாரத்தில் போன் நகருக்குப் பக்கத்தில் சவின்யி என்ற ஊர். திராட்சை பயிரிட்டு ஒயின் செய்துவந்த மிஷேல் பொன், 1979இல் அங்கே பழைய கோட்டை மாளிகை ஒன்றை வாங்கினார். முதலில் மோட்டார் சைக்கிள்களும் பந்தயக் கார்களும் சேர்த்தார். பிறகு ஓய்வுபெற்ற போர்விமானங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து, ஏறத்தாழ நூறாகிவிட்டன. மிராஜ், ஸ்டார்ஃபைட்டர், லைட்னிங், மிஸ்டேர், ஜாகுவார், மிக்-21 என்று எல்லாம் மாளிகைத் தோட்டத்துப் புல்வெளியில், மழையிலும் பனியிலும் நிற்கின்றன. ஆயுதம் கழற்றப்பட்டவை; எதுவும் இனிப் பறக்காது. கடைசியாகச் சொன்ன மூன்று வகைகளும் நம் விமானப்படையிலும் பறந்தவைதாம்.

வாங்குவது ஒரு நாள் வேலை. வைத்துக்கொள்வதுதான் ஆயுள் முழுக்க நடக்கும் வேலை. விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கையில் வெடிமருந்து இருக்கும். அது நீக்கப்பட்டதா என்று அறிந்தவர் பார்த்துச் சொல்லாமல் காக்பிட்டில் யாரும் உட்காரக் கூடாது. பழைய கருவிகளின் முட்களில் இருட்டில் ஒளிர ரேடியம் பூசியிருப்பார்கள். ஒளி என்றோ மங்கியிருக்கும், கதிர்வீச்சு மங்கியிருக்காது. ரேடியத்தின் அரைவாழ்வு 1,600 ஆண்டு. டயர்கள் தரையில் அழுந்திச் சப்பையாகாமல் உடலுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். காற்று உள்ளே போகும் வாய்களைத் தட்டி வைத்து அடைக்காவிட்டால் குருவி, புறா, குளவி எல்லாம் குடியேறிவிடும்.

என்னைப் பல வருடங்களாகப் பிடித்து வைத்திருப்பது விமானத்தின் தோல்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று நாம் நம்புகிறோம். சமையலறைக் குண்டானுக்கு அது பெரும்பாலும் சரி. விமானத்துக்குச் சரியில்லை. சுத்த அலுமினியம் பலவீனமானது, கையாலேயே வளைக்கலாம். 1906 வாக்கில் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் என்ற உலோகவியலாளர் அதில் சுமார் 4 சதவீதம் செம்பும் கொஞ்சம் மக்னீசியமும் கலந்து, சூடாக்கிக் குளிர்வித்தார். சில நாள் சும்மா கிடந்த பிறகு அளந்தால், அந்தக் கலவை தானாகவே இறுகிப் போயிருந்தது. துராலுமின் பிறந்தது அப்படித்தான். பலத்தைக் கொடுத்த செம்புதான் அதற்குப் பகையும் ஆனது. ஈரமும் உப்பும் பட்டால் உலோக மணிகளின் இடுக்கு வழியே அரிப்பு உள்ளே நுழைகிறது. இரும்பைப் போல் சிவந்து காட்டிக்கொடுக்காது. வெள்ளைப் பொடிதான் பூக்கும். பெயின்ட் லேசாகக் கொப்பளிக்கும். அதற்குள் தகடு, நனைந்த அட்டையைப் போல் அடுக்கடுக்காகப் பிரிந்திருக்கும்.

1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். துராலுமின் தகட்டின் இரு பக்கமும் சுத்த அலுமினியத்தை மெல்லிய தோலாக வைத்து, சூட்டில் உருட்டி ஒட்டினார்கள். ஆல்கிளாட் என்று பெயர். ஒரு மில்லிமீட்டர் தகட்டில் இந்த மேல்தோல் பெரும்பாலும் 0.05 மில்லிமீட்டர், தலைமுடியைவிட மெல்லியது.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சி வீட்டுப் பித்தளை அண்டாதான் கண்ணில் வந்தது. வருடத்துக்கொரு முறை ஈயம் பூசுகிறவர் துருத்தியோடு தெருவுக்கு வருவார். கரி நெருப்பில் பாத்திரம் காய்ந்ததும் நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தைத் தொட்டு வைத்து, பஞ்சால் ஒரே இழுப்பு. உள்பக்கம் நிலா மாதிரி ஆகிவிடும். வெளிப்பக்கத்தைப் புளியும் சாம்பலும் போட்டு எவ்வளவு வேண்டுமானாலும் தேய்க்கலாம். உள்பக்கத்தில் தேங்காய் நாரைக் கொண்டுபோனால் ஆச்சிக்குக் கோபம் வரும். “பூச்சு போச்சுன்னா ரசம் கசறிப் போகும்” என்பாள்.

ஆனால் ஈயம் பெரும்பாலும் ஒரு மறைப்புதான். கீறல் விழுந்த இடத்தில் பித்தளை எட்டிப்பார்க்கும், களிம்பு ஏறும். ஆல்கிளாட் அதற்கும் ஒரு படி மேலே போகிறது. இரண்டு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால், எளிதில் கரையக்கூடியது முதலில் கரையும், மற்றது பிழைக்கும். மேலே இருக்கும் சுத்த அலுமினியம் அப்படிக் கரைகிற உலோகம். தகட்டில் கீறல் விழுந்து உள்ளே இருப்பது வெளியே தெரிந்தாலும், கீறலின் இரு கரையிலும் உள்ள மேல்தோல் தன்னைக் கொடுத்து அதைக் காக்கிறது.

அதனால் வெள்ளிபோல் மின்ன வேண்டும் என்று மாதாமாதம் பாலிஷ் போடுகிறவர், தான் நேசிக்கிற விமானத்தின் கவசத்தைத் தன் கையாலேயே தேய்த்து எடுக்கிறார். இரும்பு நாரால் தேய்த்தால் இன்னும் மோசம். அதன் துகள்கள் தகட்டில் பதிந்து, அங்கங்கே புதிய அரிப்பைத் தொடங்கிவைக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, மென்துணியால் ஒற்றி, சரியான பூச்சைக் கொடுத்து விட்டுவிடுவதே பராமரிப்பு.

நம் ஊரில் அதிகமாகப் பாலிஷ் போடுவதில்லை, எட்டியே பார்ப்பதில்லை. கல்லூரி வாசலிலும் பூங்காவிலும் சிமெண்டு மேடை கட்டி விமானத்தை நிறுத்துகிறோம். திறப்பு விழாவுக்கு மாலை போடுகிறோம். அதற்கப்புறம் யாராவது முக்கியமானவர் வரும்போது, பழைய பெயின்டின் மேலேயே, வெள்ளைப் பொடியின் மேலேயே, இன்னொரு சுற்று எனாமல் அடிக்கிறோம். எத்தனையோ விமானிகள் கற்றுக்கொண்ட இயந்திரம் அது. இதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

சென்ற ஐப்பசியில் ஒரு கல்லூரிக்குப் பேசப் போயிருந்தேன். வாசலில் ஒரு கிரண் பயிற்சி விமானம். தாழ்வான உடல், குனிந்தால் வயிற்றைத் தொடலாம். விமானத்தின் அடிவயிற்றில், உள்ளே தேங்கும் நீர் வடிய சிறு துளைகள் இருக்கும். தடவிப் பார்த்தேன். எல்லாத் துளைகளும் எனாமலில் மூடிக் கிடந்தன. வாட்ச்மேன் அண்ணனிடம் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சி வாங்கி, ஒரு துளையில் மெல்லக் குத்தினேன். பூச்சு விட்டதும் பழுப்பாகத் தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. நிற்கவேயில்லை. அவர் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து அடியில் வைத்தார்.

“இங்க மழை பேஞ்சு மூணு வாரம் ஆச்சே சார்” என்றார்.