குகட்பள்ளியில் ஒரு குவளை

சென்ற விடுமுறையில் ஐதராபாத் சென்றிருந்தேன். ஒரு மாலை, குகட்பள்ளி மதுக்கடைகளைச் சுற்றிக் காட்டுவதாகத் தெலுங்கு நண்பர் ஒருவர் எங்கள் நால்வரையும் அழைத்துச் சென்றார். இரண்டு கடைகளில் பீர் அருந்தினோம். மூன்றாவது, கள்ளுக்கடை. அங்கே நான் குவளையைத் தொடவில்லை. "கோழை!" என்று நகைத்தனர். வேதியியல் பயிலும் நான் காரணத்தைக் கூறினேன்.

பனையிலும் ஈச்சையிலும் வடியும் இனிய சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் ஆல்கஹாலாக மாற்றுகின்றன. அதுவே கள். நூற்றுக்கு நான்கைந்து பங்கே அதில் ஆல்கஹால். மரங்களோ குறைவு, குடிப்போரோ மிகுதி. எனவே சிலர் நீரைக் கலந்து, குறைந்த போதையை மருந்தால் ஈடுசெய்கின்றனர். 2025 ஜூலையில் இதே குகட்பள்ளியில் கள் குடித்தோர் பலர் வாந்தி பேதியால் வீழ்ந்தனர், சிலர் மாண்டனர். கள்ளில் அல்பிரசோலம் கலந்திருந்ததைச் சோதனை காட்டியது. அது பதற்றம் தணிக்க மருத்துவர் அளந்து தரும் மருந்து. ஆல்கஹாலுடன் சேர்ந்தால் இரண்டும் மூளையை ஒருங்கே அமர்த்தி, மூச்சையே தளர்த்திவிடும். கண்ணால் பார்த்து இதை அறிய முடியாது.

கேட்டதும் இருவர் குவளையைக் கீழே வைத்தனர், ஒருவர் குடித்தார். அவருக்கு ஒன்றும் நேரவில்லை. நண்பர்களே, அது நற்பேறு. கள் நல்லதென்பதற்குச் சான்று அன்று. கூட்டத்தோடு செல்லுங்கள்; குவளையை மறுக்க மட்டும் கூசாதீர்கள்.