எண்ணூர் சேற்றை யார் சோதிப்பது?

கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து சேற்றையும் நீரையும் எத்தனையோ முறை சோதனைக்கு அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். 2017 ஜனவரி 28இல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து படகுகளிலும் வலைகளிலும் அப்பியது. அனல்மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகளாகக் கழிமுகத்தில் படிந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் மீனவர்கள் கேட்பது ஒன்றுதான்: இந்தச் சேற்றில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது? பதில் சொல்ல வேண்டியது மண்ணிலும் நீரிலும் உள்ள வேதிப்பொருள்களை ஆராயும் புவிவேதியியல்.

அந்த வேலையை வடசென்னைப் பிள்ளைகள் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் வேதியியல் முடித்தவர்களில் பலர் பட்டம் வாங்கிய கையோடு ஏதாவது ஒரு கம்பெனி லேபில் காண்ட்ராக்டில் சேர்ந்துவிடுகிறார்கள். உதவித்தொகை உண்டு, பயிற்சி உண்டு, சட்டப்படி உரிமை உண்டு என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

பயிற்சி தருவது முதலாளியின் பெருந்தன்மை அல்ல. சோதனைக்கூடங்களுக்குத் தர அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஐ.எஸ்.ஓ. 17025 தரத்தைப் பின்பற்றியாக வேண்டும். சோதனை செய்பவருக்கு என்ன தகுதி வேண்டும், என்ன பயிற்சி கொடுத்தோம், யார் மேற்பார்த்தார்கள் என்பதையெல்லாம் எழுத்தில் வைத்திருக்க அந்தத் தரம் கட்டாயப்படுத்துகிறது. உங்கள் பெயரில் பயிற்சிப் பதிவேடு இருக்கிறதா என்று கேளுங்கள். பயிற்சியே தராமல் சோதனை அறிக்கையில் கையெழுத்து மட்டும் கேட்டால் போடாதீர்கள். நாளை தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் அந்த அறிக்கை கேள்விக்குள்ளானால் முதலில் தேடப்படும் பெயர் உங்களுடையதுதான்.

பயிற்சி இல்லாத கை எங்கெல்லாம் தவறும் என்று பாருங்கள். எஃகுக் கரண்டியால் சேற்றை அள்ளினால் கரண்டியின் குரோமியமும் நிக்கலும் மாதிரியில் ஏறிவிடலாம். அதனால்தான் பிளாஸ்டிக் கரண்டி. பாட்டில்களை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இரவு முழுக்க ஊறவைத்து அலச வேண்டும். அளவு தெரிந்த சான்றுப் பொருளையும், எதுவும் சேர்க்காத வெற்று மாதிரியையும் கூடவே ஓட்ட வேண்டும். இதில் ஒன்றை விட்டாலும் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலை சுலபமாகிவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து உயிருக்கு. மணலையும் களிமண்ணையும் முழுதாகக் கரைக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் பயன்படுத்துகிறார்கள். நீர்த்த நிலையில் தோலில் பட்டால் உடனே எரிச்சல் தெரியாமல் போகலாம். சில மணி நேரம் கழித்தே வலி தொடங்கும். அதற்குள் அது உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இதயத் துடிப்பே தடுமாறலாம். பட்டவுடன் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த ஜெல் இல்லாத லேபில், ஃபியூம் ஹூட் ஓடாத லேபில் இந்த அமிலத்தைத் தொட மறுப்பது உங்கள் உரிமை. மெல்லிய லேடெக்ஸ் கையுறை இதற்குப் போதாது. தொழிற்சாலை வளாகத்துக்குள் இருக்கும் லேப் என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் புகார் தரலாம். இ.எஸ்.ஐ. காப்பீடு பொருந்தும் இடத்தில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவரைச் சேர்த்தே ஆக வேண்டும். காண்ட்ராக்ட் ஆளுக்கும் அதுவே விதி. ஒப்பந்ததாரர் சம்பளத்தை இழுத்தடித்தால் முதன்மை நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும்.

இனி பணம். ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு நெட் அல்லது கேட் தேர்ச்சி பெரிய திறவுகோல். 2023 முதல் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. குடும்பப் பொறுப்பால் படிப்பு நின்ற பெண்களுக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வைஸ்-பிஎச்.டி. திட்டத்தை 27 முதல் 45 வயது வரை வைத்திருக்கிறது. கல்லூரி ஆசிரியர்கள் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குத் திட்டம் எழுதலாம். விலையுயர்ந்த கருவி கல்லூரியில் இல்லையே என்று முடங்க வேண்டாம்: ஐ-ஸ்டெம் தளத்தில் கருவி எங்கே இருக்கிறது என்று தேடிப் பதிவு செய்யலாம், சென்னை ஐ.ஐ.டி.யின் உயர்நுட்பப் பகுப்பாய்வுக் கருவி மையம் வெளியாட்களின் மாதிரிகளையும் கட்டணத்துக்குச் சோதித்துத் தருகிறது. எம்.எஸ்சி. வேதியியல் முடித்தவர்கள் இந்திய புவியியல் ஆய்வுத் துறையில் வேதியியலாளர் பணிக்கு யு.பி.எஸ்.சி. தேர்வு எழுதலாம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் தேர்வுக் கட்டணம் இல்லை.

இந்த உதவித்தொகைகளில் எதுவும் முன்பணம் கட்டினால் கிடைப்பதல்ல. “ஃபெல்லோஷிப் உறுதி, பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்” என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அது ஏமாற்று. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணை அழையுங்கள். அசல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அதிகாரமில்லை என்று யு.ஜி.சி. 2018இலேயே அறிவித்துவிட்டது. உதவித்தொகை மாதக்கணக்கில் வராவிட்டால் மத்திய அரசின் சி.பி.கிராம்ஸ் குறைதீர்ப்புத் தளத்தில் எழுதி, பதிவு எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டம் பயிற்சியாளரையும் அப்ரண்டிஸையும் காக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும்.

பட்டம் இப்போதுதான் கைக்கு வந்திருந்தால் முதலில் நாட்ஸ் என்ற தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் தளத்தில் பதியுங்கள். பி.எஸ்சி. படித்தவர்களுக்கும் இடமுண்டு. 2019 விதித் திருத்தத்திலேயே பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய் என்று வைத்துவிட்டார்கள். தென்மண்டல அலுவலகம் தரமணியில் இருக்கிறது. காண்ட்ராக்ட் வேலையில் ஓராண்டு அனுபவம் சேர்ந்துவிட்டால் இந்தத் தகுதி போய்விடும். வேலைக்குச் சேருமுன் பதிந்துவிடுங்கள்.