கிராம சபை: வாக்காளர்கள் பங்கேற்பது எப்படி?

புதுதில்லி: ஊராட்சித் தேர்தலில் வாக்களிப்பதுடன் கிராமப்புற வாக்காளரின் பங்கு முடிந்துவிடுவதில்லை. ஊராட்சியின் திட்டங்களையும் வரவு-செலவுகளையும் விவாதிக்கும் கிராம சபையில் ஒவ்வொரு வாக்காளரும் உறுப்பினர் ஆவார்.

கிராம சபைக்கு அரசமைப்புச் சட்டத்தில் இடமளித்த 73-ஆவது திருத்தம், 1993 ஏப்ரல் 24-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிக்கு உட்பட்ட கிராமத்தின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரும் சபையின் உறுப்பினர்கள். இதற்குத் தனியாக விண்ணப்பிக்கத் தேவையில்லை. சபையின் அதிகாரங்களை மாநிலச் சட்டங்கள் நிர்ணயிக்கின்றன.

எப்போது கூடும்?

குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நாள்களில் பல மாநிலங்களில் கூட்டம் நடைபெறுகிறது. கேரளத்தில் வார்டு அளவில் இயங்கும் கிராம சபை, மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். வாக்காளர்களில் 10 சதவீதத்தினர் வருகை தர வேண்டும். இந்தக் குறைந்தபட்ச வருகை மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும்.

என்ன கேட்கலாம்?

குடிநீர், சாலை, தெருவிளக்கு போன்ற தேவைகளை முன்வைக்கலாம். முடிந்த பணிகளுக்கான செலவு, பயனாளிகள் தேர்வு ஆகியவை குறித்து விளக்கம் கோரலாம். ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தை மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் முன்கூட்டியே பார்த்துச் சென்றால், கேள்விகளைத் தெளிவாக எழுப்பலாம். கோரிக்கையை எழுத்து வடிவில் அளிப்பதும், வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதும், தீர்மானம் நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதிவாவதை உறுதிசெய்வதும் முக்கியம். வாய்மொழியாகப் பேசியது பதிவாகாவிட்டால், பின்னர் அதைச் சுட்டிக்காட்ட ஆதாரம் இருக்காது.

தீர்மானத்தின் வலிமை

ஒடிஸாவின் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் அமைக்கும் விவகாரத்தில், வன உரிமைச் சட்டத்தின்கீழ் மக்களின் சமய, பண்பாட்டு உரிமைக் கோரிக்கைகளை கிராம சபைகளே பரிசீலிக்க வேண்டும் என்று 2013 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றின. டோங்ரியா கோந்து பழங்குடியினர் புனிதமாகக் கருதும் அம்மலையில் சுரங்கம் அமைக்க, 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது.

எல்லாத் தீர்மானங்களுக்கும் இத்தகைய சட்ட வலிமை கிடைப்பதில்லை. எனினும், அந்தக் கூட்டங்களுக்கு வந்திருந்த சாதாரண கிராம மக்களின் குரலே இறுதி முடிவுக்கு அடிப்படையாக அமைந்தது.

நகரங்களில்...

மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243-எஸ் பிரிவு கூறுகிறது. ஆனால், கிராம சபையைப் போல் அனைத்து வாக்காளர்களும் அவற்றில் தாமாகவே உறுப்பினராகிவிடுவதில்லை. குழுவில் யார் இடம்பெறலாம் என்பதை மாநிலச் சட்டமே தீர்மானிக்கிறது.