வாசற்காலைத் தட்டிப் பார்த்தோமா?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்றனர் முன்னோர். மும்பை வாழ் தமிழருள் பெரும்பாலோர்க்கு வீட்டைக் கட்டும் பேறு கிட்டுவதில்லை. பிறர் கட்டியதை, பல வேளைகளில் பிறர் குடியிருந்து விட்டதை, வாங்கவே இயலுகிறது. சேமநிதியும் நகையும் வங்கிக் கடனும் ஒன்று சேர்ந்து ஒரு வீடாகின்றன. வாங்குமுன் பத்திரத்தை வழக்கறிஞரிடம் காட்டுகிறோம், வாஸ்து பார்க்கிறோம், தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பார்க்கிறோம். வாசற்காலைத் தட்டிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

நாங்கள் தட்டிப் பார்க்கவில்லை. செம்பூரில் தரைத்தளத்து வீடொன்றைக் கோடை விடுமுறையில் பார்த்தோம். ஆடி பிறக்குமுன் குடிபுக வேண்டுமென்ற அவசரத்தில் வைகாசியிலேயே கிருகப்பிரவேசம் நடத்தினோம். புது வண்ணம் பூசிய சுவர்களைக் கண்டு மகிழ்ந்தோமேயன்றி ஐயுறவில்லை. ஆனி மாதத்தில் மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில், குளியலறைக் கதவின் நிலையிலிருந்து ஈசல்கள் சாரிசாரியாக வெளிப்பட்டன. "ஊரிலே ஈசல் விளக்கைத் தேடி வெளியிலிருந்து வரும், இங்கே வீட்டுக்குள்ளிருந்தே புறப்படுகிறதே!" என்று அம்மா திகைத்தார்கள். மறுநாள் அந்நிலையை விரலால் அழுத்தினோம். வண்ணப்பூச்சு மட்டுமே நின்றிருந்தது; உள்ளே மரம் இல்லை. சுவரோரம் வைத்த பெட்டியில் அப்பாவின் கடிதங்கள் பாதி மண்ணாகியிருந்தன. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென ஒதுக்கிய தொகை, நிலைகளை மாற்றுவதற்கும் மருந்திடுவதற்கும் சென்றது. பிற குடும்பங்களுக்கு இந்நிலை நேரலாகாது என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

கறையானின் வழி

கறையான் மென்மையான உடல் கொண்டது. வெளிக்காற்று பட்டால் உலர்ந்து மடியும். ஆதலின் மண்ணிலுள்ள புற்றிலிருந்து மரம் வரை மண்ணாலேயே குழாய் அமைத்து, அதனுள் ஒளிந்து நடமாடுகிறது. சுவர் வெடிப்பும் தண்ணீர்க் குழாய் செல்லும் துளையும் அதற்கு இராஜபாட்டை. மேல்மாடி வீடாயின் அச்சமில்லை என்று எண்ணுவது பிழை. அவ்வழியே மாடிகளுக்கும் ஏறிவிடும். மழைக்குப் பின் இறகு முளைத்துப் பறக்கும் ஈசலும் கறையானே. எனவே கோடையில் மட்டும் பார்த்த வீட்டை முழுதும் பார்த்ததாகக் கொள்ளலாகாது. இயன்றால் முதல் மழைக்குப் பின் மீண்டும் ஒருமுறை செல்லுக.

எவற்றைப் பார்ப்பது?

ஒரு டார்ச் விளக்கும் ஒரு திருப்புளியும் போதும். முதலில் ஈரம் உள்ள இடங்கள்: குளியலறை நிலை, சமையலறைத் தொட்டியின் அடி, குழாய்கள் செல்லும் மூலைகள். அடுத்து, சுவரில் பதித்த அலமாரிகளின் பின்பலகை, பரண், சன்னற் சட்டம். மரத்தைத் திருப்புளியின் கைப்பிடியால் தட்டுக. திண்ணென ஒலித்தால் நன்று, பொள்ளென ஒலித்தால் ஐயம் கொள்க. விரற்கடைக்கும் குறைந்த அகலமுள்ள மண்கோடு சுவரில் ஏறுகிறதா என்று நோக்குக. வீட்டில் ஒரு நிலைக்கு மட்டும் புது வண்ணம் பூசியிருப்பின் காரணம் கேளுங்கள். மாவு போன்ற தூள் சிறு துளைகளிலிருந்து உதிர்ந்தால், அது மரத்தை உளுக்கச் செய்யும் வண்டின் வேலை. சுவரோரம் எண்ணெய்ப் பிசுக்கும் கடிபட்ட மின்கம்பியும் காணப்பட்டால் எலி நடமாட்டம் உண்டு.

தரையும் சுவரும் கூடுமிடத்தில் ஏறத்தாழ ஓரடிக்கு ஒன்றாக அடைக்கப்பட்ட துளைகள் தென்படலாம். அவை முன்னர் மருந்து செலுத்திய சுவடுகள். அது குற்றமன்று, எப்போது, எவர் செய்தார், உத்தரவாதச் சீட்டு உண்டா என்று வினவுக. கட்டடங்களுக்குக் கறையான் மருந்திடும் முறையை ஐ.எஸ். 6313 என்னும் இந்தியத் தரக் குறியீடு வகுத்துள்ளது. அம்முறைப்படி செய்ததா எனக் கேட்டறிதல் நலம். மண்கோட்டைச் சுரண்டி எறிவதாலோ மேலே வண்ணம் பூசுவதாலோ புற்று அழியாது.

சட்டம் சொல்வது

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவில், விற்பவர் தாம் அறிந்த முக்கியக் குறையை வாங்குபவருக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்கிறது. ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே தெரியக்கூடிய குறைக்கு அக்கடமை இல்லை. எங்கள் கை கட்டுண்டது இங்கேதான். தட்டியிருந்தால் தெரிந்திருக்கும் என்றார் வழக்கறிஞர், மறுமொழி இல்லை.

புதிய கட்டடமாயின், கட்டுமுன் மண்ணுக்கு மருந்திட்டதற்கான சான்றைக் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டப்படி, கையளித்த ஐந்தாண்டுக்குள் சுட்டிக்காட்டும் கட்டுமானக் குறையையும் வேலைத்தரக் குறையையும் கட்டியவர் 30 நாளில் தம் செலவில் சீர்செய்ய வேண்டும். பழைய வீடாயின், முன்பணம் தருமுன்னரே கறையான் குறித்து எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே விடை பெறுங்கள். ஒப்பந்தத்திலும் அதனைச் சேருங்கள். தரைத்தளத்து அயலாரிடமும் விசாரியுங்கள். விற்பவர் சொல்லாததை அவர்கள் சொல்லக்கூடும்.

நல்ல நாளும் நேரமும் பார்ப்பது நம் மரபு; அதை விட வேண்டுவதில்லை. அந்நாள் குறிக்குமுன் அரைமணி நேரம் ஒதுக்கி, வீடு முழுதும் தட்டிப் பார்த்துவிடுங்கள். கூச்சம் வேண்டா. கொடுப்பது நம் வாழ்நாள் உழைப்பு.