மார்கழிக் குளிரும் மழலைத் தோலும்

மார்கழியில் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் காலையிலேயே ஒரு வாக்குவாதம் தொடங்கிவிடும். “தலைக்கு ஊத்தினாத்தான் பிள்ளை அசந்து தூங்கும்” என்பார் பாட்டி. “சளி பிடிச்சுக்கும் அத்தை, இன்னைக்கு வேண்டாம்” என்பார் மருமகள். சளி வைரஸால் வருவது; குளிப்பாட்டுவதால் வருவதில்லை. ஆனால் மருமகளின் பயத்திலும் நியாயம் உண்டு. குளித்து முடித்ததும் உடம்பில் தங்கும் ஈரம் குழந்தையை வேகமாகக் குளிரவைத்துவிடும்.

ஒரு தேக்கரண்டி ஈரம்

ஒரு கிராம் தண்ணீர் தோலிலிருந்து ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி வெப்பம் தேவை. மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் உடல்வெப்பத்தை ஒரு டிகிரி செல்சியஸ் குறைக்க ஏறக்குறைய 2,500 கலோரியை எடுத்தால் போதும். அதாவது, ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான தண்ணீர் முழுக்க உடல்சூட்டிலேயே காய்ந்தால், குழந்தையின் வெப்பம் ஒரு டிகிரி இறங்கிவிடக்கூடும். பச்சிளம் குழந்தையின் இயல்பான உடல்வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி வரை. அந்த ஒரு டிகிரிதான் அதன் மொத்த எல்லை.

பெரியவர்களைப் போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளப் பச்சிளம் குழந்தைக்குத் தெரியாது. தோள்பட்டை எலும்புகளுக்கு இடையிலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்தே அது சூடு உண்டாக்குகிறது. குளிர் நீடித்தால் வளர்ச்சிக்கான ஆற்றல் இதிலேயே செலவாகி, குழந்தை சோர்ந்து பால் குடிக்கவும் மறுக்கும். துணியில்லாத பச்சிளம் குழந்தைக்கு இதமான வெப்பம் 32 முதல் 34 டிகிரி. மார்கழிக் காலையில் சென்னைக் குளியலறையே அதைவிட நன்றாகக் குளிர்ந்திருக்கும். ஊட்டி, கொடைக்கானல் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அதனால்தான் பிறந்து 24 மணி நேரம் கழித்தே முதல் குளியல் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிறக்கும்போது உடலில் ஒட்டியிருக்கும் வெண்ணெய் போன்ற ‘வெர்னிக்ஸ்’ படலத்தைத் தேய்த்து எடுக்கக் கூடாது. அது அழுக்கில்லை, தோலுக்கு ஈரப்பதமும் காப்பும் தரும் இயற்கைப் பூச்சு. எடை குறைந்த குழந்தைகளை எப்போது குளிப்பாட்டலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.

சோப்பு ஏன் கூடாது?

குழந்தையின் மேல்தோல் பெரியவர்களுடையதைவிட மெல்லியது. உள்ளிருக்கும் நீர் எளிதில் வெளியேறிவிடும். பிறந்தபோது நடுநிலைக்கு அருகில் இருக்கும் தோல், அடுத்த சில வாரங்களில் லேசான அமிலத்தன்மைக்கு மாறுகிறது. கிருமிகளைத் தடுப்பதில் இந்த அமிலத்தன்மைக்குப் பங்கு உண்டு. சாதாரண சோப்போ காரத்தன்மை கொண்டது. தினமும் போட்டால் அந்த மாற்றத்தைக் கெடுத்து, தோலின் எண்ணெய்ப் பசையையும் அரித்துவிடும். கொதிக்கக் கொதிக்க ஊற்றும் வெந்நீரும் அதையே செய்யும். பனிக்காற்றும் சேர்ந்துகொண்டால் கன்னம் சொரசொரப்பாகி வெடிக்கிறது. கரப்பான் உள்ள குழந்தைக்கு அரிப்பு கூடுகிறது.

குளிர்காலத்தில் வாரத்துக்கு இரண்டு, மூன்று குளியல் போதும். மற்ற நாட்களில் முகம், கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு ஆகியவற்றை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, ஈரம் ஒற்றி எடுங்கள். தொப்புள்கொடி விழும்வரையிலும் இப்படித் துடைப்பதே நல்லது.

எண்ணெய் எப்போது?

எண்ணெய் தேய்த்து, பயத்தம் மாவு போட்டு அதை முழுக்க எடுத்துவிடுவது நம் வழக்கம். கொரகொரப்பான மாவு மெல்லிய தோலைச் சிராய்க்கும். குளிர்காலத்தில் குளித்த பிறகு, தோலில் இலேசான ஈரப்பதம் இருக்கும்போதே, சுத்தமான தேங்காய் எண்ணெயை மெல்லிசாகத் தடவினால் அந்த ஈரப்பதம் தோலிலேயே நிற்கும். டாக்காவில் குறைமாதக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், சூரியகாந்தி எண்ணெய் தடவப்பட்டவர்களுக்கு நோய்த்தொற்று குறைந்தது. ஆலிவ் எண்ணெயும் கடுகு எண்ணெயும் தோலின் தடுப்பைப் பலவீனப்படுத்தலாம் என ஆய்வுகள் காட்டுவதால் அவற்றைத் தவிர்க்கலாம்.

மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது வேண்டவே வேண்டாம். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா உண்டாக்கிய குழந்தைகளை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். தலை உலர்த்தச் சாம்பிராணிப் புகை காட்டுவதும், கழுத்தில் பவுடர் கொட்டுவதும் பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது.

குளிப்பாட்டும் முறை

வெயில் ஏறிய பிறகு, காற்று வராத அறையில் குளிப்பாட்டுங்கள். துண்டு, மாற்றுத்துணி, தொப்பி, எண்ணெய் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, அதன்மேல் வெந்நீரை விளாவி, முழங்கையால் சூடு பாருங்கள். 37, 38 டிகிரியில் இருந்தால் முழங்கைக்கு இதமாகத் தெரியும். காலை நீட்டி, குழந்தையைக் கிடத்திப் பாட்டி ஊற்றும் முறையே நல்லதுதான். ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். தலைக்குக் கடைசியில் ஊற்றி, உடனே தலையை முதலில் துவட்டுங்கள். குழந்தையின் உடல் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தலைதான். தேய்க்காமல் ஒற்றித் துவட்டி, எண்ணெய் தடவி, பருத்தி உடை போட்டு, அம்மாவின் மார்போடு அணைத்துப் பால் கொடுத்தால் குளிர் அண்டாது.

பிறகு புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கதகதப்பாக இருந்தால் குழந்தை நலம். வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் இன்னொரு உடை போட்டு, மேனியோடு மேனி அணைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே சில்லிட்டுப்போய், பால் குடிக்காமல் குழந்தை துவண்டு கிடந்தாலோ, தோலில் சீழ்க் கொப்புளம் தென்பட்டாலோ கைவைத்தியம் பார்த்துக் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.